பத்மினிக்கு வீட்டிலேயே பெயிண்ட்: என்சி அடிப்பதா, பியூ அடிப்பதா?

நீலப்பத்மினி (பெங்களூரு)

வணக்கம். வண்டி 1986 பிரீமியர் பத்மினி. ராமமூர்த்தி நகரில் வீட்டை ஒட்டி மூன்று பக்கமும் சுவர் வைத்த தகர ஷெட் இருக்கிறது. வெளியே இப்போது வெள்ளை. டிக்கிக்குள்ளும் டேஷ்போர்டுக்கு அடியிலும் பழைய நீலம் தெரிகிறது. போனட்டில் வெள்ளை வெடித்து உரிகிறது, கதவுகளின் அடியிலும் பின் சக்கர வளைவிலும் துருக் கொப்புளம். கையில் இருப்பது 1 ஹெச்பி கம்ப்ரஸர், 25 லிட்டர் டேங்க். ஸ்ப்ரே கன் பிடித்துப் பழக்கமில்லை.

பழைய பெயிண்ட் முழுவதையும் எடுக்க வேண்டுமா? என்சி (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) நல்லதா, பியூவா (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன்)? எவ்வளவு பெயிண்ட் வாங்குவது? பழைய நீலத்துக்கே திரும்ப ஆசை.

அல்சூர் டிங்கர்

மேலே இருக்கும் வெள்ளை எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள் சார். துணியில் என்சி தின்னரை நனைத்து, மறைவான ஓர் இடத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் என்சி. பெயிண்ட் சுருங்கி எழும்பினால் எனாமல், அல்லது சரியாக இறுகாத ஏதோ ஒன்று. அசையவே இல்லையென்றால் பியூவாக இருக்கலாம். எனாமல் என்றால் முழுக்க எடுத்தே ஆக வேண்டும். அதன்மேல் எந்த வலுவான தின்னர் பட்டாலும் சுருங்கும். போனட் வெடித்திருப்பதைப் பார்த்தால் உள்ளே பல அடுக்கு சேர்ந்திருக்கிறது, அதை மட்டுமாவது தகரம் தெரியும்வரை இறக்கிவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தூசி முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அடுத்து ஒரு காந்தம். மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பேஸ்ட்) தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். பத்மினிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் சுமை தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி அரித்திருந்தால் அது பெயிண்ட் வேலை இல்லை, வெல்டிங் வேலை. அங்கே ஃபைபர் ஷீட் ஒட்டி பட்டி பூசி மறைத்தால் வெளியே பளபளக்கும், உள்ளே இற்றுப்போகும். முன், பின் கண்ணாடிகளைக் கழற்றியே ஆக வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு அடியில் தேங்கும் தண்ணீர்தான் அங்கே துருவைத் தொடங்குகிறது. கதவின் அடி ஓட்டைகள் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். கதவு அழுகுவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பட்டியை வெறும் தகரத்திலோ, இறுகியபின் 180 நம்பர் எமரி பேப்பரால் தேய்த்த எபாக்ஸி பிரைமர் மேலோ பூசலாம். ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் மேல் பூசினால் பிடிக்காமல் உரியும். ஹார்ட்னர் எடையில் 2 சதவீதம் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டிப் போட்டால் மிச்சம் மேலே ஊறி, பிறகு நிறத்தில் கறை தெரியும். 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்படும் பள்ளத்தை முதலில் தட்டி எடுக்க வேண்டும். 80-இல் வடிவம், 180, பிறகு 320. எப்போதும் நீளமான கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்க்கவும். விரலால் தேய்த்தால் அலை அலையாக நிற்கும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாதங்கள் கழித்துக் கொப்புளமாகத் திருப்பித் தரும்.

ஜேசி ரோடு பெயிண்ட்ஸ்

உங்கள் ஷெட்டுக்கு என்சிதான். காரணம் சொல்கிறேன்.

பியூ ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது நுரையீரலுக்குப் போனால் ஆயுளுக்கும் ஆஸ்துமா வரலாம். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்க முடியாது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடியும் எக்ஸாஸ்ட் உள்ள பூத்தும் (மூடிய ஸ்ப்ரே அறை) வேண்டும். ஒட்டிக்கொண்டு வீடுகள் இருக்கும் தெருவில் அதைச் செய்யவே கூடாது. பியூவின் பளபளப்புதான் வேண்டும் என்றால் சர்ஃபேஸர் (நிறத்துக்கு முன் அடித்துத் தேய்க்கும் கோட்) வரை வீட்டில் முடித்து, கடைசி கோட்டை மட்டும் பூத்துக்குக் கொடுங்கள். உழைப்பில் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்கும்.

என்சி தின்னர் ஆவியாவதாலேயே காய்கிறது. சில நிமிடங்களில் தொட்டால் ஒட்டாது, தூசி அதிகம் பிடிக்காது. அடுத்த கோட் முந்தைய கோட்டைக் கரைத்து ஒன்றாகிவிடும், அதனால் வழிந்தாலும் காய்ந்தபின் தேய்த்து மறுபடி அடிக்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இந்த மன்னிப்பு பெரிய விஷயம். குறை: வெயிலில் மங்கும், அவ்வப்போது பாலிஷ் வேண்டும், பெட்ரோல் சிந்தினால் கறை படும்.

சுமார் கணக்கு: எபாக்ஸி பிரைமர் 1 லிட்டர், என்சி சர்ஃபேஸர் 2 லிட்டர், நிறம் 4 லிட்டர், நல்ல தின்னர் 8 லிட்டர், பாலியஸ்டர் பட்டி 2 கிலோ. கன் கழுவ விற்கும் மலிவான தின்னரை நிறத்தில் கலக்காதீர்கள். நீலத்துக்கு டேஷ்போர்டு அடியில் வெயில் படாத சாம்பிளைக் காட்டி ஒரே தடவையில் முழு அளவும் கலந்து வாங்குங்கள். டப்பாக்களை ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்க ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் கதவு ஒரு நீலம், ஃபெண்டர் ஒரு நீலம்.

என்சி ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கம்ப்ரஸரை ஷெட்டுக்கு வெளியே வைத்து நீள ஹோஸ் போடுங்கள். உள்ளே சாதாரண ஃபேன், ஸ்விட்ச், விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் முகமூடி கட்டாயம்.

நீலப்பத்மினி

தெளிவாகப் புரிந்தது, நன்றி. துணி சோதனையில் வெள்ளை கரைந்து வந்தது, என்சிதான். ஆகஸ்டில் அடிக்கலாமா? இந்த கம்ப்ரஸர் போதுமா?

கன் செட்டிங்

ஆகஸ்ட் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக் காற்றிலுள்ள தண்ணீர் அதன்மேல் படிந்து நிறம் பால் போல வெளுத்துவிடும். பெங்களூருக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அப்போதும் பனி விலகிய பிறகு, காலை பத்து முதல் மூன்று மணிக்குள். மழைக்குப் பின் மாலையில் ஈசல் பறக்கும் நாளில் கன்னைத் தொடவே கூடாது. வெளுப்பு லேசாக இருந்தால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலந்து மெல்லிய கோட் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

1 ஹெச்பி கம்ப்ரஸரில் சாதாரண ஹெச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று கேட்கும் வகை) ஓடாது. பாதி கதவிலேயே அழுத்தம் விழுந்து துளிகள் பெரிதாகி ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு வரும். குறைந்த காற்றில் ஓடும் எல்விஎல்பி கன் வாங்கி, ஒரு பேனல் முடித்து டேங்க் நிரம்பக் காத்திருந்து அடுத்ததற்குப் போங்கள். இல்லையென்றால் அந்த வாரத்துக்கு மட்டும் பெரிய கம்ப்ரஸரை வாடகைக்கு எடுங்கள். கன்னுக்கு முன்னால், காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப் அவசியம்.

நிறத்துக்கு 1.4 மில்லிமீட்டர் நாஸில், சர்ஃபேஸருக்கு 1.7 அல்லது 1.8. தின்னர் ஒன்றுக்கு ஒன்று கலந்து தொடங்குங்கள். கன் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், மணிக்கட்டை வளைக்காமல் பேனலுக்கு இணையாக நகரட்டும், முந்தைய பட்டையில் பாதியை மூடட்டும். ஓரத்தைத் தாண்டியபின் டிரிக்கரை விடுங்கள். ஐந்தாறு மெல்லிய கோட், இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். முதலில் பழைய தகரம் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதில் கை பழகுங்கள். படுத்த பேனலில் வழிதல் தெரியாது.

குழி குழியாக மீன்கண் வந்தால் சிலிக்கான் எண்ணெய். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் டப்பாக்களை ஷெட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். மாஸ்கிங்குக்குச் செய்தித்தாள் வேண்டாம், தின்னர் ஊடுருவி மை இறங்கும்.

கேஏ 03

நிறம் மாற்றினால் ஆர்டிஓவில் ஆர்சியிலுள்ள பதிவையும் மாற்ற வேண்டும். முதலில் உங்கள் ஆர்சியைப் பாருங்கள். அதில் இன்னும் நீலம் என்றே இருந்தால், இப்போதைய வெள்ளைதான் பதிவுக்கு மாறானது. நீலத்துக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.

கன் செட்டிங்

ஒன்று விட்டுப்போனது. அடித்து முடித்ததும் தேய்க்க அவசரப்படாதீர்கள். என்சி இரண்டு மூன்று வாரம் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு 1500, 2000 வாட்டர் பேப்பர், பிறகு பளபளப்பேற்றும் ரப்பிங் காம்பவுண்ட். கதவு ஓரம், போனட் மடிப்புகளில் டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்கவும், அங்கேதான் பெயிண்ட் மெல்லிசு. மெழுகு அதற்கும் பிறகுதான். கண்ணாடிக்குப் பழைய பீடிங்கையே திரும்பப் போட வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.