பர்மா ஸ்டாரில் பச்சைத் தூள் பூக்குது, பழப்புளி போடலாமா?

உப்புவெளிப் பேரன்:
அம்மப்பாவின்ர ரெண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் ரெண்டு இப்ப என்ர கைக்கு வந்திருக்கு. ஒண்டு ஆறு முனை நட்சத்திரம், நடுவில கிரீடம், சுத்திவர 'பர்மா ஸ்டார்' எண்டு எழுத்து. மற்றது வட்டம், பின்பக்கம் ரெட்டைத்தலை ட்ராகனுக்கு மேல சிங்கம் நிக்குது. நட்சத்திரத்தில எழுத்து இடுக்கெல்லாம் பச்சைத் தூள். துடைச்சாலும் திரும்ப வருது. வீடு கடற்கரையோட. பக்கத்து வீட்டு அன்ரி பழப்புளி போட்டு உரஞ்சச் சொல்றா. செய்யலாமா? வட்டமானது வெள்ளியா? ரெண்டிலயும் பேர் பொறிக்கேல்ல, போலியோ?

நாணயப்பித்தன்:
தம்பி, புளியைக் கிட்டவும் கொண்டுபோகாதீங்க. நட்சத்திரம் செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. புளியின்ர அமிலம் நாகத்தை அரிச்சா மேல்பக்கம் இளஞ்சிவப்பாப் போயிடும். பிராசோ மாதிரி உலோகப் பொலிஷும் வேண்டாம், கிரீடமும் ஆறாம் ஜோர்ஜ் அரசரின்ர முத்திரை எழுத்தும் தேஞ்சுபோகும்.

மண்ணிறமாப் படிஞ்சிருக்கிறதைத் தொடாதீங்க, அது உலோகத்துக்குக் காவல். உதிர்ற வெளிர்பச்சைதான் வருத்தம்: உப்புக்காத்தின்ர குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்னுது. முதல்ல றிபனைக் கழட்டி வைங்க. கழுவினா கருநீலமும் சிவப்பும் செம்மஞ்சளும் கலங்கலாம். பிறகு பூதக்கண்ணாடியால பாத்துப் பாத்து, பல்லுக்குத்துற மரக்குச்சியால, தண்ணி படாமக் கிளறி எடுங்க. ஊசி கீறும். எடுத்ததும் காத்துப் புகாத டப்பாவில, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட வைங்க. ஈரம் இல்லாட்டி தூள் வளராது.

வட்டமானது 1939–45 போர்ப் பதக்கம், செம்பு-நிக்கல். கனடா குடுத்தது மட்டும் வெள்ளி. பேர் இல்லாததால போலி எண்டு நினைக்காதீங்க. பிரித்தானியா இதுகளைப் பேர் பொறிக்காமலே குடுத்தது; அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் பொறிச்சுக் குடுத்தவை.

நிலாவெளி வாசகி:
மெதுமெதுப்பான பீவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், அதுவே பச்சை பிடிக்க வைக்கும்.

அம்மப்பா எங்க சேவை செய்தவர்? 1942 ஏப்ரல் 9 யப்பான் விமானங்கள் எங்கட திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கினது. அண்டைக்குத்தான் மட்டக்களப்புக்கு அங்கால பிரித்தானியரின்ர ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கினது. பர்மா ஸ்டார் அந்தத் தாக்குதலுக்கு எண்டு குடுத்தது இல்ல, பர்மாப் போர்முனைச் சேவைக்கு உரியது. அவரின்ர சேவைக் கடதாசி இருந்தா தேடுங்கோ. பேரில்லாத பதக்கம் அவருடையதுதான் எண்டு அதுதான் சொல்லும்.

உப்புவெளிப் பேரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. பதக்கம் கிடந்த சின்ன மட்டைப்பெட்டியில அம்மப்பாவின்ர பேரும் மேல்விலாசமும் இருக்கு. கறையான் அரிச்சதெண்டு எறிய வைச்சிருந்தனாங்கள்.

நாணயப்பித்தன்:
எறிஞ்சிடாதீங்க! தபாலில அந்த மாதிரிப் பெட்டியிலதான் அனுப்பினவை. இண்டைக்கே நாலு பக்கமும் படம் எடுத்து வைச்சு, பதக்கத்தோட சேர்க்காம வேற டப்பாவில போடுங்க.