பாட்டு ஓடும்போது சத்தம் தானாகக் குறைகிறது, ஸ்லைடர் மட்டும் அசைவதில்லை

மெட்டுக்காரன்:
மடிக்கணினி, விண்டோஸ் 11. பாட்டோ வீடியோவோ ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சத்தம் அடங்கிப்போகிறது, கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறையில் பாட்டு வைத்த மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும், பிறகு பழையபடி ஏறிவிடும். வால்யூம் ஸ்லைடரை 60இல் வைத்திருக்கிறேன், அது 60இலேயே நிற்கிறது. ஆடியோ டிரைவரை நீக்கிவிட்டு இரண்டு முறை மறுபடி போட்டாயிற்று, ஹெட்போனையும் மாற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் போய்விட்டது என்கிறார் நண்பர். போன ஸ்பீக்கர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எப்படித் தானாகச் சரியாகும்?

கம்பிச்சுருள்:
ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள், அது பாவம். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே ஒரு வசதி இருக்கிறது: ஏதாவது ஒரு மென்பொருள் அழைப்புக்காக ஆடியோவைத் திறந்தால், பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று மற்ற எல்லாச் சத்தத்தையும் விண்டோஸே 80% குறைத்துவிடும். இதை டக்கிங் என்பார்கள். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அந்த 80%தான் அமலில் இருக்கும். செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தின் அடியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று இருக்கும், அதைத் திறந்து கம்யூனிகேஷன்ஸ் டேபுக்குப் போய் டூ நத்திங் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். முடிந்தது.

ஓரத்துஇருக்கை:
முடிந்தது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அவர் அழைப்பில் இல்லையே, பாட்டுதானே கேட்கிறார்? அப்படியானால் அவருக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று பின்னால் ஆடியோவைத் திறக்கிறது, அது எது என்று பார்க்காமல் டூ நத்திங் கொடுப்பது புகை வரும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது மாதிரிதான். சத்தம் குறையும் அந்த நேரத்தில் டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மைக் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதன்மேல் மவுஸை வைத்தாலே எந்த மென்பொருள் மைக்கைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். அது மறைந்துவிட்டாலும் பரவாயில்லை, பிரைவசி செட்டிங்ஸில் மைக்ரோஃபோன் பகுதியில் எது எப்போது கடைசியாகப் பயன்படுத்தியது என்று இருக்கும்.

ஹெட்போன் புளூடூத் என்றால் அதுவேறு கதை. மைக் திறந்த உடனே பல ஹெட்செட்கள் ஸ்டீரியோவை விட்டுவிட்டு போன் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும், கேட்பவருக்குச் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் உண்மையில் மோசமாவது ஒலியின் தரம்.

மெட்டுக்காரன்:
வயர் ஹெட்போன்தான். டூ நத்திங் கொடுத்து மறுதொடக்கமும் செய்தேன், இன்னும் குறைகிறது! மைக் படமும் வரவில்லை. சத்தம் குறையும்போது எல்லாமே குறைகிறது, பிரவுசர், பாட்டு மென்பொருள் இரண்டும்.

தூங்காதவிசிறி:
ஒரு சின்னச் சந்தேகம். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் விண்டோஸின் நரேட்டர் தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறதா? விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது கிளம்பிவிடும், பேசும்போது மற்றச் சத்தத்தைக் குறைக்க அதற்குத் தனியாக ஒரு செட்டிங் உண்டு. அதேபோலத் திரையை வாசிக்கும் என்விடிஏ என்ற மென்பொருளைப் போட்டிருந்தாலும் அப்படித்தான், அதில் என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) ஷிஃப்ட், டி அழுத்தினால் மாறும். குரல் கேட்காமல் இருக்காது என்பதால் உங்களுடையது இதுவாக இருக்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

ஓரத்துஇருக்கை:
நரேட்டர் இல்லை என்றால், விண்டோஸின் டக்கிங்கை மூடினாலும் சில குரல் அரட்டை மென்பொருள்கள் தங்கள் பங்குக்குத் தனியாக மற்றவற்றைக் குறைக்கும். விண்டோஸ் செட்டிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து ஒவ்வொரு மென்பொருளின் சத்தத்தையும் தனித்தனியாகக் காட்டும் வால்யூம் மிக்சரைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டு கேளுங்கள், நீங்கள் எதிர்பார்க்காத பெயர் ஏதாவது பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் அதை விண்டோவின் பெருக்கல் குறியில் மூடாதீர்கள், கடிகாரத்துப் பக்கத்து மூலையில் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே போய் க்விட் கொடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மெட்டுக்காரன்:
பிடித்துவிட்டேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. மிக்சரில் விளையாட்டு நண்பர்களோடு பேசும் அரட்டை மென்பொருள் இருந்தது, வால்யூம் 0. என்றைக்கோ அவர்கள் கத்தல் தாங்காமல் நானே மிக்சரில் இறக்கி வைத்திருக்கிறேன்! கணினி திறக்கும்போதே அது கிளம்பி, பழைய குரல் அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே யாராவது பேசினால் எனக்குக் கேட்காது, ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாதே, கடமையாக என் பாட்டைக் குறைத்திருக்கிறது. மற்ற ஒலியைக் குறைக்கும் அதன் ஸ்லைடரைப் பூஜ்யம் ஆக்கி, ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்தும் நீக்கினேன். இரண்டு மணி நேரமாக ஒரு முறைகூடக் குறையவில்லை.

கம்பிச்சுருள்:
அப்போது விண்டோஸ் நிரபராதி. நான் அவசரப்பட்டுவிட்டேன் போல. அதை டூ நத்திங்கிலேயே விட்டுவிடுங்கள், எப்படியும் ஒருநாள் அந்த டக்கிங் தொல்லையும் வரும்.

தூங்காதவிசிறி:
அறையில் இருந்த நண்பர்கள் இத்தனை நாள் உங்களிடம் ஏதும் கேட்கவில்லையா?

மெட்டுக்காரன்:
கேட்டிருப்பார்கள். எனக்குத்தான் கேட்கவில்லை.