அப்பாவின் கட்டியில் உள்ள மரபணு மாற்றம் பிள்ளைகளுக்கும் வருமா?

கல்லடியான்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதம்) அளவு கூடியிருந்ததால் பயொப்சி (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புரொஸ்டேட் புற்றுநோய் என்று உறுதியாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓமோன் ஊசி போடப்படுகிறது. இதற்கிடையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி அருள் சின்னையனின் ஆய்வைப் பற்றி வாசித்தேன். இந்தப் புற்றுநோயில் இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அவருடைய குழு கண்டுபிடித்ததாம். அப்படியானால் அதே ஒட்டு எங்கள் உடம்பிலும் பிறப்பிலிருந்தே இருக்குமா? உடனே மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தம்பி அவசரப்படுகிறான். விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
தம்பி, அந்த ஒட்டு பரம்பரையாக வருவதில்லை. டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி என்ற இரண்டு மரபணுக்களும் 21 ஆவது நிறமூர்த்தத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் இடைவெளியில் இருப்பவை. முதலாவது, ஆண் ஓமோனின் கட்டளைக்குப் புரொஸ்டேட் கலங்களில் இயங்குவது. இரண்டாவது, வேறு பல மரபணுக்களை ஏவிவிடக்கூடியது, அந்தக் கலங்களில் வழக்கமாக அடங்கிக் கிடக்கும். இடையில் உள்ள துண்டு அறுந்துபோய் இரண்டும் சேர்ந்துவிட்டால், முதலாவதுக்கு வரவேண்டிய ஓமோன் கட்டளை இரண்டாவதுக்குப் போய்ச் சேர்கிறது. இது வளர்ந்த ஆணின் புரொஸ்டேட் கலத்தில் நேர்வது, விந்தணுவில் அல்ல; ஆகவே உங்களுக்கு அது வந்திருக்க வழியில்லை.

அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது அவர்கள் தேடிய விதம். இத்தகைய ஒட்டுகள் பெரும்பாலும் இரத்தப் புற்றுநோய்களுக்கே உரியவை என்று அதுவரை கருதப்பட்டது. எல்லாக் கட்டிகளிலும் சராசரியாகக் கூடியிருக்கும் மரபணுக்களையே மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்க, இவர்களோ சில கட்டிகளில் மட்டும் திடீரென்று உச்சத்துக்குப் போயிருக்கும் மரபணுக்களைக் கணினியில் பிரித்தெடுத்தார்கள். 2005 இல் சயன்ஸ் இதழில் வெளியான அந்த ஆய்வில், 29 மாதிரிகளில் 23 இல் ஈஆர்ஜி அல்லது அதன் உறவான ஈடிவி1 இடம்மாறிச் சேர்ந்திருந்தது.

அக்கரைப்பற்று ஆய்வுகூடத்தான்:
ரீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டி.என்.ஏ.யின் எழுத்து ஒன்றுகூட மாறாமலே மரபணு வாயடைத்துப் போவதும் இந்நோயில் உண்டு. எபிஜெனடிக்ஸ் ஆராய்வது அதைத்தான். நச்சுப்பொருட்களைச் செயலிழக்கச் செய்யும் நொதியத்துக்குரிய ஜிஎஸ்டிபி1 என்ற மரபணுவின் தொடக்கத்தில் மெதயில் கூட்டங்கள் என்ற சிறிய இரசாயனத் துண்டுகள் ஒட்டி அதை நிறுத்திவிடுவதை, 1994 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். மிகப் பெரும்பாலான புரொஸ்டேட் கட்டிகளில் அது காணப்படுகிறது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களில் அடையாளமிட்டு மரபணுக்களை அடக்கும் ஈஇசட்எச்2 என்ற புரதம், பரவிய நோயில் மிகக் கூடியிருப்பதைச் சின்னையன் குழுவினரே 2002 இல் வெளியிட்டார்கள். இவையும் கட்டிக்குள் நடப்பவை.

ஆனால் இதை வைத்து "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். நோர்டிக் நாடுகளின் இரட்டையர்களை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட கணிப்பின்படி, இந்நோய் ஒருவருக்கு வருவதற்கும் மற்றவருக்கு வராததற்கும் உள்ள வேறுபாட்டில் 57 சதவீதம் அளவு பரம்பரையைச் சார்ந்தது. தந்தைக்கு இருந்தால் மகனுக்கான ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதில் பெரும்பகுதி, ஒவ்வொன்றும் சிறிதளவே பாதிக்கும் பல மாறுபாடுகளின் கூட்டு. தனியாகவே பெரிதாகப் பாதிக்கக்கூடியது பிஆர்சிஏ2 போன்ற மரபணுவில் பிறவியிலேயே உள்ள விகாரம் (மரபணுவில் நேர்ந்த மாற்றம்). அது பெண்களில் மார்பு, சூலகப் புற்றுநோய்களாகவும் வெளிப்படும் என்பதால், ஆண்களை மட்டும் விசாரித்தால் அகப்படாது. நம் மட்டக்களப்புப் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வரும்; இந்த விகாரம் தாய், தந்தை இருவர் வழியாகவும் வரும். அப்பாவின் கூடப்பிறந்த பெண்களில் யாருக்காவது அப்படி இருந்ததா?

கல்லடியான்:
இருந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் சின்ன மாமி, ஐம்பது வயதாகுமுன்பே மார்புப் புற்றுநோயால் காலமானார். கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்களுக்கு அக்காவும் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இது பொருந்துமா?

அக்கரைப்பற்று ஆய்வுகூடத்தான்:
நிச்சயமாகப் பொருந்தும். மாமிக்கு வந்தது எந்த வயதில் என்பதையும் எழுதி, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கொடுங்கள். பரிசோதிப்பதானால் முதலில் அப்பாவின் இரத்தத்தையே பரிசோதிக்க வேண்டும். நோயுள்ளவரிடம் எந்த விகாரம் என்று தெரியாமல் பிள்ளைகளிடம் தேடி "இல்லை" என்று வந்தால், அந்த "இல்லை"யை நம்ப முடியாது. அப்பாவிடம் இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். அது அப்பாவின் சிகிச்சைக்கும் உதவலாம்: இவ்வகை விகாரமுள்ள, முற்றிய புரொஸ்டேட் புற்றுநோய்க்கு ஒலாபரிப் என்ற மருந்தை அமெரிக்கா 2020 இல் அனுமதித்தது.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
உங்கள் தம்பியை அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் மட்டும் மாமியின் விடயத்தை இப்போதே சொல்லிவிடுங்கள். தன்னைக் காட்டும் வைத்தியரிடம் அவர் அதைத் தெரிவிப்பதற்கு அப்பாவின் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.