க்ரைஃபின் நான்கு லீக் பட்டங்கள்: அவர் கட்டியதா, மற்றவர்கள் கைவிட்டதா?
(மூன்று ரசிகர்களின் விவாதம்; புள்ளிக்கணக்கு, நடுக்களம், வலது_ஓரம் என்பவை அவர்களின் பெயர்கள்.)

புள்ளிக்கணக்கு
வெளிநாட்டுக்குப் போய் ஜெயித்த கால்பந்துப் பயிற்சியாளர்கள் என்று பேச்சு வந்தாலே யோஹான் க்ரைஃப் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஹாலந்துக்காரர், 1988 முதல் 1996 வரை பார்சிலோனா, 1991 தொடங்கி வரிசையாக நான்கு ஸ்பானிய லீக் பட்டங்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த நான்கில் மூன்று, கடைசி நாளில் வேறொரு மைதானத்தில் முடிவானவை. 1992 ஜூன் 7 அன்று ரியல் மாட்ரிட் ஒரு புள்ளி முன்னிலையோடு டெனரீஃப் தீவு அணியிடம் ஆடப் போனது. 2-0 என்று முந்திய பிறகு 3-2 என்று தோற்றது. டெனரீஃபின் மூன்று கோலில் ஒன்று மாட்ரிட்டின் ரோச்சா தன் வலைக்குள்ளேயே தள்ளியது. 1993 ஜூன் 20: அதே தீவு, அதே ஒரு புள்ளி, 2-0 தோல்வி. 1994 மே 14: ஜெயித்தால் பட்டம் என்ற நிலையில் டெபோர்டிவோவுக்குக் கடைசி நேரத்தில் பெனால்டி, ஜுகிச் அடித்ததை வலென்சியா கோல்கீப்பர் பிடித்துவிட்டார். இதில் எதை க்ரைஃப் செய்தார்?

நடுக்களம்
அந்த மூன்று நாளும் பார்சிலோனா என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் நண்பரே. பில்பாவோவை 2-0, ரியல் சொசியேதாதை 1-0, செவில்லாவை 5-2. தன் வேலையை முடிக்காத அணிக்கு மாட்ரிட் வழுக்கி விழுந்து ஒரு பயனும் இல்லை. 1994இல் இரண்டு அணிக்கும் 56 புள்ளிகள். இரண்டும் தமக்குள் ஆடிய நேருக்கு நேர் கணக்குதான் தீர்ப்பு சொன்னது: டெபோர்டிவோவின் ஊரான கொருன்யாவில் பார்சிலோனா 0-1 என்று தோற்றது, பார்சிலோனாவில் 3-0 என்று வென்றது. ஜுகிச்சின் பெனால்டி எல்லோருக்கும் நினைவிருக்கிறது, அந்த 3-0 யாருக்கும் நினைவில்லை.

நான்காவதை ஏன் விட்டீர்கள்? 1990-91இல் இரண்டாமிடத்து அத்லெடிகோ மாட்ரிட்டைவிட 10 புள்ளிகள் அதிகம். வெற்றிக்கு 2 புள்ளிதான் கொடுத்த காலம் அது. ஐந்து வெற்றி இடைவெளி. 1960இல் பட்டம் வென்ற பார்சிலோனா அடுத்த 30 ஆண்டுகளில் லீகை வென்றது இரண்டே முறை, 1974, 1985. முதலாவதில் களத்தில் ஆடியவரும் க்ரைஃப்தான்.

புள்ளிக்கணக்கு
1990-91ஐ ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பருவத்தில், பிப்ரவரியில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அவர் திரும்பும்வரை அணியை நடத்தியது உதவியாளர் ரெக்சாக். அதற்கு முந்தைய பருவத்தில் மாட்ரிட்டைவிட 11 புள்ளிகள் பின்னால், மூன்றாமிடம். 1990 கோபா (ஸ்பானியக் கோப்பை) இறுதியில் மாட்ரிட்டை 2-0 என்று வென்றிராவிட்டால் வேலையே போயிருக்கும்.

வலது_ஓரம்
பயிற்சியாளர் இல்லாதபோதும் அணி ஓடியது என்றால் அது அவருக்கு எதிரான சாட்சி இல்லை, ஆதரவான சாட்சி. அவர் அமைத்தது என்ன என்று பார்க்காமல் புள்ளிப்பட்டியலை மட்டும் புரட்டினால் இந்த விவாதம் நகராது.

1988 ஏப்ரலில் வீரர்கள் ஹெஸ்பெரியா ஹோட்டலில் கூடி, கிளப் தலைவர் நூன்யெஸ் பதவி விலக வேண்டும் என்று அறிக்கை வாசித்தார்கள். கோடையில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அறிக்கையை வாசித்த கேப்டன் அலெக்சாங்கோவை மட்டும் க்ரைஃப் பிடிவாதமாக வைத்துக்கொண்டார். பாஸ்க் பகுதியிலிருந்து பக்கேரோ, பெகிரிஸ்தைன், லோபெஸ் ரெகார்ட்டே. கூடவே சலீனாஸ், யூசேபியோ. 1989இல் கூமன், லாட்ரப். 1990இல் ஸ்டோய்ச்கோவ். அந்த டிசம்பரில் இளையோர் அணியிலிருந்து 19 வயது குவார்டியோலா. மூன்றாமிடத்தில் முடிந்த அந்த இரண்டாவது பருவம், பாதி கட்டிய வீடு.

ஆட்டமுறை 3-4-3: தடுப்பில் மூவர், நடுக்களத்தில் நால்வர், முன்னே மூவர். ஸ்பெயினில் பல அணிகள் இரண்டு ஸ்ட்ரைக்கரோடு ஆடின. இரண்டு பேரைக் காக்க மூன்று பேர் போதும், நான்காமவர் வீண் என்பது அவர் கணக்கு. மிச்சமான அந்த ஒருவர் நடுக்களத்துக்குப் போனார். நடுக்களம் சாய்சதுரம்: கீழ்முனையில் குவார்டியோலா, மேல்முனையில் பக்கேரோ. விங்கர்கள் இருவரும் எல்லைக்கோட்டில் காலை வைத்து நிற்க வேண்டும். உள்ளே வந்தால் எதிரணியும் சுருங்கும், இடம் போய்விடும். நடுவில் லாட்ரப் கீழே இறங்கிவந்தால் அவரைப் பின்தொடர்வதா வேண்டாமா என்று எதிரணி சென்டர்பேக்குக்குக் குழப்பம். பின்தொடர்ந்தால் ஸ்டோய்ச்கோவ் ஓரத்திலிருந்து அந்த இடைவெளிக்குள் பாய்வார். விட்டுவிட்டால் லாட்ரப் திரும்பி நின்று பாஸ் கொடுப்பார். பயிற்சியில் தினமும் ரோன்டோ: வட்டமாக நின்று ஒரு தொடுதலில் பந்தை நகர்த்த வேண்டும், நடுவில் இருவர் பறிக்க ஓட வேண்டும். ஆட்டத்தில் மூவர் தடுப்பு தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் பந்து தொலையக் கூடாது. அதற்கான பயிற்சி அது.

புள்ளிக்கணக்கு
நன்றாக எழுதினீர்கள். அந்த அமைப்பு எங்கே ஒழுகியது என்பதையும் சொல்ல வேண்டும். தடுப்பாளர் கூமன் 40 மீட்டர் பாஸ் போடுவார், ஆனால் வேகம் கிடையாது. அவருக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. அதைக் காக்க முன்னே ஓடிவரும் கோல்கீப்பர் வேண்டும். பார்சிலோனாவின் சுபிசரேட்டா கோல் கோட்டோடு நிற்பவர். 1993-94இல் பார்சிலோனா 91 கோல் போட்டது சரி, வாங்கியது 42. டெபோர்டிவோ வாங்கியது 18. 1992 நவம்பரில் ஐரோப்பிய சாம்பியன் என்ற பட்டத்தோடு சொந்த மைதானத்தில் சிஎஸ்கேஏ மாஸ்கோவிடம் 2-0 முன்னிலையைத் தொலைத்து 3-2 என்று தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு கைசர்ஸ்லாட்டர்னில் 3-0 என்று பின்தங்கி, கடைசி நிமிடத்தில் பக்கேரோ தலையால் முட்டிய ஒரே கோலில்தான், இரு ஆட்டமும் சேர்ந்த கணக்கில் வெளிமைதான கோல் விதியால் தப்பியது. அது இல்லையென்றால் 1992 வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதியே இல்லை. சம்ப்டோரியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கூமன் அடித்த அந்த ஃப்ரீகிக்கும் இல்லை.

நடுக்களம்
42 கோல் வாங்கி 91 போட்ட அணியும், 18 வாங்கி 54 போட்ட அணியும் ஒரே 56 புள்ளியில் நின்றன. இரண்டும் செல்லுபடியாகும் வழிகள். உங்களுக்கு இரண்டாவது பிடிக்கிறது, அவ்வளவே.

புள்ளிக்கணக்கு
லீகில் செல்லும். ஒரே ஆட்டத்தில் முடிவாகும் இறுதியில் செல்லாது என்று 1994 மே 18 காட்டியது. ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதி, மிலான் பார்சிலோனாவை வென்றது 4-0. அதுவும் பரேசி, கோஸ்டாகுர்டா இருவரும் தடையில் இருந்த மிலான். மிலான் பயிற்சியாளர் கபெல்லோ பெரிய சூத்திரம் எதுவும் செய்யவில்லை. தெசாயை நடுக்களத்தில் நிறுத்தி, குவார்டியோலா நிமிர்ந்து பார்க்கும் முன்பே மோதவிட்டார். முதல் பாஸ் அடைபட்டதும் மூவர் தடுப்பு நிராதரவாக நின்றது. மசாரோ இரண்டு. இடைவேளை முடிந்த கையோடு நதாலிடம் பந்தைப் பறித்து சாவிசெவிச் கோல்கீப்பர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டது மூன்றாவது. 58ஆம் நிமிடத்தில் தெசாயே நான்காவது.

வலது_ஓரம்
ஏதென்ஸில் நான் உங்கள் பக்கம்தான், காரணம் மட்டும் வேறு. ஆட்டமுறை அன்று புதிதாகப் பழுதாகவில்லை. களத்தில் மூன்று வெளிநாட்டவர்தான் என்ற விதி அப்போது. 1993இல் ரொமாரியோவை எடுத்ததும் கூமன், ஸ்டோய்ச்கோவ், லாட்ரப், ரொமாரியோ என்று நால்வர் ஆனார்கள். வாரா வாரம் ஒருவர் வெளியே. ரொமாரியோ 30 லீக் கோல் அடித்ததால் பருவம் முழுக்க இந்தச் சிக்கல் மறைந்திருந்தது. ஏதென்ஸில் லாட்ரப் பார்வையாளர் வரிசையில். தெசாய் குவார்டியோலாவை அடைத்தபோது கீழே இறங்கி வந்து பந்து வாங்கக்கூடிய ஒரே முன்கள வீரர் அவர். ரொமாரியோ மேலேயே நிற்பவர், இறங்க மாட்டார்.

நடுக்களம்
சரி, லாட்ரப்பை இறக்க யாரை நிறுத்துவீர்கள்? கூமனை எடுத்தால் பின்னாலிருந்து தொடங்கும் பாஸே இல்லை. ரொமாரியோ அந்தப் பருவத்தில் மாட்ரிட்டுக்கு எதிரான 5-0இல் ஹாட்ரிக் அடித்தவர்.

வலது_ஓரம்
ஸ்டோய்ச்கோவை. ஓரத்தில் பெகிரிஸ்தைன் இருந்தார், அவருக்கு வெளிநாட்டவர் கணக்கு வராது. இறுதிக்கு நான்கு நாள் முன்புதான் லீக் முடிந்தது. புதிதாக யோசிக்கக் களைப்பு விடவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தக் கோடையில் லாட்ரப் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 1995 ஜனவரி 7 அன்று அவர் ஆடிய மாட்ரிட் பார்சிலோனாவை வென்றது 5-0.