உங்கள் பெயருக்கு என்ன பலன் எழுதினார்கள்?

ராசிபலன் மாதிரியே பெயர்ப்பலன் எழுதும் விளையாட்டு எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போன தீபாவளி லீவில் தொடங்கியது, இன்னும் நின்றபாடில்லை. அத்தனையும் சொந்தக் கற்பனை. செல்வி என்று பெயர் இருந்தால், டிக்கெட்டுக்குப் பின்னால் கண்டக்டர் எழுதிக்கொடுத்த மீதிச் சில்லறையை வாங்காமல் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டாள். சுமதி, "சரி, கிளம்பறேன்" என்று எழுந்து செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று முக்கால் மணி நேரம் பேசுவாள். மகேஸ்வரி கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவே மாட்டாள், ஆனால் எந்த வரிசைக்கு அப்பளம் வரவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். எங்கள் மகேஸ்வரி இதைப் படித்துவிட்டு, "அப்பளம் இல்லடி, வடை" என்று திருத்தி அனுப்பினாள். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: நிறம், கல்யாணம், குழந்தை பற்றிப் பலன் எழுதக் கூடாது. ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அந்த வேலையை நாமும் செய்ய வேண்டாம். உங்கள் பெயருக்கு யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

* * *

என் பெயர் நீலாம்பரி. அப்பாவுக்குக் கச்சேரி என்றால் உயிர், தாலாட்டுக்கு உரிய ராகம் என்று ஆசையாக வைத்த பெயர். 1999இல் ‘படையப்பா’ வந்தது, அவ்வளவுதான். பெயரைச் சொன்னதுமே, "அய்யோ, ரொம்பத் திமிரா இருப்பீங்களோ" என்பார்கள், பேங்க் கவுண்டரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் வரைக்கும் இதே கேள்விதான். ரம்யா கிருஷ்ணன் நடிப்பு எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம். முன்பின் தெரியாதவர் நம் குணத்தை முடிவு செய்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது எரிச்சலாகத்தான் இருக்கும். போன மாதம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண், தன் கைக்குழந்தை என் மடியில் தூங்கிப்போனதைப் பார்த்துவிட்டு எனக்குப் பலன் எழுதினாள்: ‘நீலாம்பரி – எந்த வீட்டுக் குழந்தை அழுதாலும் இவளிடம் கொடுங்கள், இரண்டே நிமிடத்தில் கொர்ர்ர்.’ அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

* * *

எங்கள் அத்தை பெயர் போதும்பொண்ணு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இதோடு போதும் என்று தாத்தா வைத்தது. நம் ஊரில் மட்டும் இல்லை, மகாராஷ்டிராவில் ‘வேண்டாதவள்’ என்ற பொருளில் நகுஷா என்று வைத்திருந்தார்கள், 2011இல் சாத்தாரா மாவட்டத்தில் 285 பெண் பிள்ளைகளுக்கு விழா எடுத்தே பெயரை மாற்றினார்கள். அத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டிலும் அதே பெயர்தான். கடை வைத்து, சீட்டு நடத்தி, கூடப் பிறந்தவர்கள் வீட்டுச் சண்டைகளையும் தீர்த்து வைக்கிற ஆள் அவர். இந்தப் பொங்கலுக்கு நாங்கள் அண்ணன், தம்பி பிள்ளைகள் எல்லாம் கூடி அவருக்கு ஒரு பலன் எழுதினோம்: ‘போதும்பொண்ணு – இந்தப் பொண்ணு ஒருத்தி போதும், ஊரையே கட்டி மேய்க்க.’ அத்தை அதை ஸ்டேட்டஸில் போட்டார், மறுநாள் மறைந்துவிடும் என்று தெரிந்ததும் திரும்பவும் போட்டார்.

* * *

அக்கா, உங்கள் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் மகள் கயல்விழிக்கு எட்டு வயது, இதையெல்லாம் படித்துக் காட்டியதிலிருந்து தனக்கும் பலன் வேண்டும் என்று நச்சரிக்கிறாள். தோசையை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டு நடுப்பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள், அதை வைத்து யாராவது ஒன்று எழுதிக் கொடுங்களேன்.