ஐபி68 வேணுமா, ஓஐஎஸ் வேணுமா? ஒரே விலையில் ரெண்டு போன்

கடலைமிட்டாய்:
25,000 ரூபாய்க்குள்ள ரெண்டு போன் தேறுது. ஒண்ணுல ஐபி68 (தூசி, தண்ணி தாங்குற தர எண்), 2 மெகாபிக்சல் மேக்ரோ (கிட்டப் போய் எடுக்கிற கேமரா), "8+8 ஜிபி ரேம்". இன்னொண்ணுல வெறும் ஐபி54, ஆனா ஓஐஎஸ் கேமரா (கை ஆடினாலும் படம் கலங்காம லென்ஸை நகர்த்திச் சமாளிக்கிறது), ஐஆர் பிளாஸ்டர் (போனையே ரிமோட்டா ஆக்குறது). எதை எடுக்கலாம்?

சால்டரிங்சாமி:
கண்ணை மூடிட்டு ரெண்டாவது. அந்த "+8" ரேமே இல்ல, ஸ்டோரேஜ்ல ஒதுக்கி வைக்கிற இடம். அதோட வேகம் நிஜ ரேம்ல பத்துல ஒரு பங்குகூட வராது. 4 ஜிபி போன்ல ஏதோ கொஞ்சம் உதவும். 8 ஜிபில செட்டிங்ஸ் போய் அணைச்சுப் பாருங்க, வித்தியாசமே தெரியாது.

2 மெகாபிக்சல் மேக்ரோன்னா படம் 1600×1200 தான். ஃபோகஸ் நகராது, பொதுவா 4 செ.மீ. தூரத்துல பூட்டி வெச்சிருப்பாங்க. அவ்வளவு கிட்ட போனா போனோட நிழலே பூ மேல விழும். மெயின் கேமராவைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு 2எக்ஸ் ஜூம்ல எடுத்தாலே இதைவிட நல்லா வரும்.

நனைந்தகாகம்:
ரேம், மேக்ரோ ரெண்டும் சரி. ஆனா ஐபி68ஐயும் அதே கூடையில போடாதீங்க சாமி. 54ன்னா தூசி ஓரளவு உள்ள போகும், தண்ணி தெறிச்சா மட்டும் தாங்கும். 68ல தூசி சுத்தமா நுழையாது, 1 மீட்டருக்கு மேல மூழ்கினாலும் தாங்கணும். வாளித் தண்ணில விழுந்தா 54 போன் பிழைக்கிறது அதிர்ஷ்டம்தான்.

சால்டரிங்சாமி:
எவ்வளவு ஆழம்ங்கறதை நிறுவனமே முடிவு பண்ணிக்குது காகம். ஐபோன் 12ல 6 மீட்டர், சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசைல 1.5 மீட்டர், ரெண்டுக்கும் 30 நிமிஷம். ரெண்டு மேலயும் ஐபி68னுதான் எழுதியிருக்கு. சோதனையும் புதுப் போன்ல, நல்ல தண்ணில. சோப்புத் தண்ணி மேற்பரப்பு இழுவிசையைக் குறைச்சு ஸ்பீக்கர் வலை வழியா இறங்கிடும். குழாய்ல பீச்சி அடிக்கிற தண்ணிக்கு 68 பொறுப்பில்ல, அதுக்கு ஐபி66னு தனியா போட்டிருக்கணும். கீழ விழுந்து ஃபிரேம் லேசா நெளிஞ்சாலோ, டிஸ்ப்ளே மாத்தினாலோ தண்ணியைத் தடுக்கிற ஒட்டுப் பசை போச்சு. பெரும்பாலான வாரன்டில தண்ணிச் சேதமே சேராது, சிம் ட்ரே உள்ள இருக்கற வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தா கதை முடிஞ்சுது.

நனைந்தகாகம்:
டிஸ்ப்ளே மாத்தும்போது பழைய பசையை முழுசா சுரண்டி, அந்த மாடலுக்கான புது ஒட்டுத்தாள் போடச் சொல்லணும். கடைக்காரர் ட்யூப் பசை தடவினா சீல் நிக்காது. சரி, நீங்க தூக்கிப் பிடிக்கிற ஓஐஎஸ் மட்டும் சாகாவரம் வாங்கினதா? லென்ஸ் காந்தத்துல தொங்குது. பைக் ஹேண்டில்ல மாட்டினா அதிர்வுல பழுதாகும்னு ஆப்பிளே 2021ல எச்சரிச்சுது.

கடலைமிட்டாய்:
அய்யோ, நான் பைக்ல மேப் பாக்கத்தான் போனே வாங்கறேன். மழையிலயும் ஓட்டணும்.

நனைந்தகாகம்:
அப்ப முதல் போன்தான் தம்பி, யோசிக்கவே வேணாம். நனைஞ்ச உடனே சார்ஜர் சொருகாதீங்க, பின்கள் அரிச்சுடும். போர்ட்டைக் கீழ பாத்து மெல்லத் தட்டி, காத்தாட வைங்க. அரிசிக்குள்ள புதைக்கிற வேலை வேணாம், துகள் போய் போர்ட்ல அடைச்சுக்கும்.

சால்டரிங்சாமி:
ரெண்டாவதையே வாங்கி, சட்டைப்பைல வெச்சு, புளூடூத்ல வழி கேட்டு ஓட்டலாமே. மழைக்கு ஜிப் பவுச் போதும். வீட்டுக்கு வந்தா ஐஆர்ல டிவி, ஏசி ரெண்டையும் இயக்கலாம். ஏசிக்கு மட்டும் சரியான மாடலைத் தேர்ந்தெடுங்க. ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வெப்பநிலை, ஃபேன், மோடு எல்லாத்தையும் சேர்த்து அனுப்பும், மாடல் மாறினா அசையாது.

நனைந்தகாகம்:
ஏசி ரிமோட்டுக்காக பைக்காரன் போன் வாங்கணுமா! பவுச்ல போட்டா காத்து போகாது, வெயில்ல சூடேறி சார்ஜிங் நிக்கும், திரை தானா மங்கும். அப்புறம் ரவுண்டானால எந்தப் பக்கம் திரும்பறதுன்னு யார்கிட்டயாவது கேட்டுத்தான் போகணும்.