இன்சூரன்ஸ் சர்வேயர் (நஷ்டத்தை நேரில் பார்த்து மதிப்பிடுபவர்) லைசென்ஸ் முடிந்த பிறகு சர்வே செய்தவர்கள், அதில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

மோட்டார் சர்வேயர், சென்னை

மிக்ஜாம் மழை, 2023 டிசம்பர். அந்த வாரம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் மூழ்கிய வண்டிகள் சர்வேக்காக வரிசையாக ஒதுக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. லைசென்ஸ் ரினியூவலுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டேன் என்ற நிம்மதியில் நானும் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு சான்றிதழ் தெளிவாக இல்லை என்று போர்ட்டலில் விண்ணப்பத்தைத் திருப்பியிருந்தார்கள். அந்த மெயிலை நான் திறக்கவே இல்லை.

ஒரு சின்ன கார். ஓய்வு பெற்ற ஆசிரியருடையது. ஏசி வென்ட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, பென்சிலால் கோடு போட்டதுபோல் சேற்றுத் தடம். தண்ணீர் அதுவரை நின்றதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. படம் எடுத்தேன், அளந்தேன், யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு ரிப்போர்ட்டை ஏற்றினால் ஏறவில்லை. வேலை ஒதுக்கிய அன்று லைசென்ஸ் இருந்தது. வண்டியைப் பார்த்த அன்று இல்லை. முந்தின நாளோடு முடிந்திருந்தது.

மறுநாள் அவரிடம் போனில் சொன்னேன். “சார், நீங்கதான் பாத்துட்டீங்களே. அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அடுத்த சர்வேயர் போவதற்குள் 11 நாள் ஆகிவிட்டது. அதற்குள் வொர்க்‌ஷாப்பில் வண்டியைக் கழுவிவிட்டார்கள். கோடு போய்விட்டது. யாரோ ஒரு முறை சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஜவுளிக்கடை, ஈரோடு

உங்கள் பக்கம் இருந்து கேட்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, சார். எங்கள் பக்கம் இப்படி.

குடோனில் தீ. சர்வேயர் வந்தார், மூன்று தடவை வந்தார், ஸ்டாக் ரிஜிஸ்டரை வரி வரியாகப் பார்த்தார். நல்ல மனிதர், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். நனைந்து கருகிய துணி நாறத் தொடங்கியதும், “இதை வைத்துக்கொண்டிருக்காதீர்கள், சால்வேஜாக, சேதமான சரக்கு என்று, கொடுத்துவிடுங்கள்” என்றார். கொடுத்துவிட்டோம். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட தேதியில் அவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி திருப்பிவிட்டது. புதிதாக வந்தவர் காலியான குடோனின் நடுவில் நின்றுகொண்டு, “சரக்கு எங்கே?” என்று கேட்டார். நான் தரையில் இருந்த கறையைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

பழைய சர்வேயருக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க மாட்டார்.

இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்ம் டேபிளில் 19 வருஷம்

முதல் பதிவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெயிலைத் திறக்காதது சின்ன விஷயம்போல் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி ஒரு ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சர்வேயர் நேரில் வந்து என் மேசைக்கு முன் நின்றார், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 1938 இன்சூரன்ஸ் சட்டத்தில் 64யூஎம் பிரிவுதான் அடிப்படை. 2015 விதிமுறைப்படி மோட்டாரில் நஷ்டம் ₹50,000 அல்லது அதற்கு மேல், மற்றவற்றில் ₹1 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் லைசென்ஸ் உள்ள சர்வேயர் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் கம்பெனி தன் ஆளை வைத்தே பார்த்து முடிக்கலாம். அந்தக் காரை ஏன் அப்படி முடிக்கவில்லை? முதலில் எடுத்த படங்களை இரண்டாமவருக்கு ஏன் கொடுக்கவில்லை?

பாலிசிதாரர்களுக்கும் சொல்கிறேன். சர்வேயர் வாசலில் வந்து நின்றதும் லைசென்ஸை வாங்கிப் பாருங்கள், தப்பே இல்லை. எஸ்எல்ஏ எண் (சர்வேயரின் லைசென்ஸ் எண்), முடியும் தேதி, எந்தத் துறை என்று மூன்றையும் பாருங்கள். தீ, மரைன், இன்ஜினியரிங், மோட்டார் எல்லாம் தனித்தனி. மோட்டாருக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் உங்கள் குடோனை அளக்க முடியாது. சேதமான பொருளை அப்புறப்படுத்தச் சொன்னால் ஒரு வரி மெயிலாவது கேளுங்கள். வாய் வார்த்தைக்கு ஃபைலில் இடம் கிடையாது. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் தேதி போட்டு ஒப்புதல் வாங்குங்கள். ஈரோட்டுக்காரர் அதைச் செய்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

ஜவுளிக்கடை, ஈரோடு

குடோன் எரிந்து நிற்கும்போது வந்தவரிடம் லைசென்ஸைக் காட்டு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, சார். உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

அட்ஜஸ்டர், டெக்சாஸ்

இங்கே சர்வேயர் என்று சொல்வதில்லை, அட்ஜஸ்டர்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ரினியூவல், அதற்குள் 24 மணி நேரம் தொடர்கல்வி முடிக்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு மணிக்கும் 50 டாலர் அபராதம். தேதி தாண்டினாலும் 90 நாளுக்குள் தாமதக் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம். அதையும் விட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். நான் 90ஐத் தாண்டிவிட்டேன், அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தபோது.

பணம் போனது பெரிதில்லை. மற்ற மாநிலங்களில் நான் வைத்திருந்த லைசென்ஸ் எல்லாம் டெக்சாஸை நம்பி நின்றவை. அடிமரம் சாய்ந்ததும் கிளைகளும் சாய்ந்தன. புயல் சீசன் தொடங்கி, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் ஏணியைக் காரின் மேல் கட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்புகிறார்கள். என் ஏணி கராஜ் சுவரில் மாட்டியபடியே இருந்தது.

அப்பா சர்வேயர்

யாரும் வருஷக் கணக்கைப் பற்றிப் பேசவில்லையே. முன்பு லைசென்ஸ் 5 வருஷத்துக்கு. 2015 விதிமுறை வந்த பிறகு 3 வருஷம். அப்பா 2018இல் புதுப்பித்தார். அந்த வயதில் மனதில் 5 என்று பதிந்ததை யார் மாற்றுவது? டைரியில் 2023ஆம் வருஷம் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். 2021இல் முடிந்துவிட்டது.

கம்பெனிகள் வேலை கொடுக்கும் சர்வேயர் பட்டியலான பேனலில் இருந்து பெயரை எடுத்துவிட்ட பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. மறுபடி வாங்க எட்டு மாதம் அலைந்தோம். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பழைய ரிப்போர்ட் ஒன்றைப் பிரித்து வைத்து, அதில் இருந்த தன் கையெழுத்தையே பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

லைசென்ஸ் வந்தது. பழைய கம்பெனிகளில் ஒன்றுதான் திரும்பக் கூப்பிட்டது.

மோட்டார் சர்வேயர், சென்னை

க்ளெய்ம் டேபிள் சாருக்கு: சின்ன விஷயம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சின்ன விஷயமாக இருந்தால் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.

எஸ்டிமேட் ₹1.8 லட்சம். அதைக் கம்பெனி ஆள் பார்த்து முடிக்க முடியாது. படங்கள் எல்லாவற்றையும் அன்றே கொடுத்துவிட்டேன். “நான் பார்க்காத கோட்டுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவது?” என்றார் இரண்டாவது சர்வேயர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

இன்ஜின் பகுதியை முழுதாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று எழுதினார்கள். நான் பார்த்த அன்று ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்திருக்கிறேன். ஆயில் அப்போதே தண்ணீர் கலந்து பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது, யாரும் சாவியைத் தொடுவதற்கு முன்பே. அந்தப் படமும் என்னிடம் இருக்கிறது, தேதியோடு.